மஞ்சள் விளக்கு எரிந்தால் யாரைப் பிடிப்பது?

புனேயில் வாகட்டிலிருந்து ஹிஞ்சவடி ஐடி பூங்காவுக்குப் போகும் சாலையில் காலை ஒன்பது மணிக்கு நிற்கிற வண்டிகளைப் பாருங்கள். ஃபோர் வீல் டிரைவ் டீசல் வண்டிகள் வரிசையில் கணிசமாக இருக்கும். தாம்ஹிணி காட்டில் மழையோடு மழையாக ஏறலாம், ஹரிஷ்சந்திரகட் அடிவாரச் சேற்றில் இறங்கலாம் என்று ஆசைப்பட்டு வாங்கியவை. வாரத்தில் ஐந்து நாள் அவை முதல் கியரிலும் இரண்டாம் கியரிலும் ஊர்கின்றன. ஒரு நாள் மீட்டரில் எஞ்சின் வடிவத்தில் மஞ்சள் விளக்கு எரிகிறது. கூடவே, ‘எஞ்சினைச் சோதிக்கவும்’ என்று ஒரு வரி. வண்டியோ வழக்கம்போல ஓடுகிறது. சத்தம் இல்லை, புகை இல்லை.

அதற்குப் பிறகு நடப்பதை முன்கூட்டியே சொல்லிவிடலாம். ஒரு வாரம் விளக்கைப் பார்க்காததுபோல ஓட்டுவார். பிறகு நண்பர் ஒருவர், சில நூறு ரூபாய்க்கு வாங்கிய புளூடூத் கருவியை ஸ்டீயரிங்குக்குக் கீழே செருகி, கைபேசியில் எரர் கோடைப் படித்து, அதே கையோடு அழித்தும் தருவார். விளக்கு அணையும், சில நாளில் மறுபடி எரியும். இப்போது பட்டறைக்குப் போவார். கோடில் எந்தப் பாகத்தின் பெயர் வந்ததோ அந்தப் பாகத்தை மாற்றுவார்கள். பில் ஐந்து இலக்கத்தில் வரும். விளக்கு மூன்றாம் முறையும் எரியும்.

எரர் கோடு என்பது போலீஸ் ஸ்டேஷனில் பதிவாகிற புகார். புகார் கொடுத்தவர் யார் என்று அதில் இருக்கும். குற்றம் செய்தவர் யார் என்று இருக்க வேண்டிய கட்டாயமில்லை. சென்சார் புகார் கொடுத்தது என்பதற்காக சென்சாரையே லாக்கப்பில் தள்ளுகிற வேலை நம் ஊர்ப் பட்டறைகளில் தினமும் நடக்கிறது.

இதைப் பேசுவதற்குப் புனே பொருத்தமான ஊர். டீசலின் ஊர் அது. 1946-ல் கிர்லோஸ்கர் ஆயில் எஞ்சின்ஸ் தொடங்கியது கட்கியில். 1962-ல் கிர்லோஸ்கரும் கம்மின்ஸும் சேர்ந்து கோத்ருட்டில் கடை விரித்தார்கள். டாடா சுமோவும் சஃபாரியும் 1990களில் புனே தொழிற்சாலையில் பிறந்தவை. இன்றைய ஹேரியரும் புதிய சஃபாரியும் அதே வழி. 2011-லிருந்து லேண்ட் ரோவர் ஃப்ரீலேண்டரையும் பிம்ப்ரி பக்கமே பூட்டினார்கள். 2022-ல் வந்த ஸ்கார்ப்பியோ-என் வண்டிக்குச் செங்கல்பட்டு மஹிந்திரா ஆராய்ச்சி மையத்தில் பொறியியல் வேலை. உற்பத்தி புனேயை அடுத்த சாக்கனில்.

இத்தனைக்கும் மேலே, வேதாள் டேக்டி மலையில் உட்கார்ந்திருக்கிறது ஏஆர்ஏஐ. 1966-ல் தொடங்கிய இந்திய வாகன ஆராய்ச்சிச் சங்கம். ஒரு மாடல் விற்பனைக்கு வருமுன் இது போன்ற ஓர் அமைப்பு அதைச் சோதித்துச் சான்று தர வேண்டும். அந்தச் சோதனைகளில் ஒன்று வேடிக்கையானது. வேண்டுமென்றே பழுதான ஒரு பாகத்தை வண்டியில் மாட்டுவார்கள். உருளைமேல் ஓட்டுவார்கள். மஞ்சள் விளக்கு எரிகிறதா என்று பார்ப்பார்கள். எரியாவிட்டால் வண்டி தேறாது.

ஆக, அந்த விளக்கு முதலில் உங்கள் எஞ்சினைக் காப்பாற்ற வந்தது என்று நினைத்துக்கொள்ள வேண்டாம். அது காற்றைக் காப்பாற்ற வந்தது. கலிஃபோர்னியாவின் புகை மூட்டத்தில் உருவான சட்டம். 1996 மாடல்களிலிருந்து அமெரிக்கா முழுக்க ஒரே மாதிரியான பதினாறு முள் சாக்கெட் கட்டாயமானது. இந்தியாவில் கார்களுக்கு இந்தக் கண்காணிப்பு விதியின் முதல் கட்டம் 2010-லும் இரண்டாம் கட்டம் 2013-லும் வந்தன. எஞ்சினுக்கு உடனடி ஆபத்து என்றால் அதைச் சொல்வது சிவப்பு விளக்கு. ஆயில் பிரஷர், கூலன்ட் சூடு, சார்ஜ். ஆயில் சிவப்பு எரிந்தால் ஓரம்கட்டி அணைத்துவிட வேண்டும். ‘அடுத்த பங்க் வரைக்கும் போய்டலாம்’ என்கிற பேச்சே கூடாது. மஞ்சளுக்கு அந்த அவசரம் இல்லை, அலட்சியத்துக்கும் இடமில்லை. மஞ்சளோடு பிக்கப் செத்துப்போய் வண்டி மூவாயிரம் ஆர்பிஎம் தாண்ட மறுத்தால், எஞ்சின் கம்ப்யூட்டர் தானாகவே லிம்ப் மோடுக்குப் போய்விட்டது என்று பொருள். ஊர்ந்தாவது வீடு போய்ச் சேர விடுகிறது, அவ்வளவுதான்.

மஞ்சள் விளக்கு இவ்வளவு சகஜமானது 2020-க்குப் பிறகு. அந்த ஏப்ரல் 1-ஆம் தேதி நாடு மாசு விதிகளில் பிஎஸ்-4லிருந்து ஐந்தைத் தாண்டி நேராக பிஎஸ்-6க்குக் குதித்தது. டீசலில் கந்தகம் பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 ஆனது. டீசல் கார் ஒரு கிலோமீட்டருக்கு விடலாம் என்றிருந்த நைட்ரஜன் ஆக்சைடு 250 மில்லிகிராமிலிருந்து 80-க்கு இறங்கியது. கரித்துகள் 25-லிருந்து நான்கரைக்கு. இதைச் சாதிக்க சைலன்சர் வழி நெடுக ஒரு சிறு ரசாயன ஆலையையே பொருத்தினார்கள். 2023-ல் இரண்டாம் கட்டம் வந்தது. ஆய்வகத்தில் மட்டும் நல்ல பிள்ளையாக இருந்தால் போதாது, சாலையில் ஓடும்போதும் அளப்போம் என்றார்கள். ஆலை பெரிதாகப் பெரிதாக அதைக் கண்காணிக்கிற சென்சார்களும் பெருகின. சென்சார் பெருகினால் புகாரும் பெருகும்தானே.

வடிகட்டியின் வயிற்றுவலி

ஹிஞ்சவடி வண்டிகளில் அடிக்கடி மாட்டுவது டிபிஎஃப் எனப்படும் துகள் வடிகட்டி. பீங்கான் தேன்கூடு. புகை உள்ளே நுழையும். கரி உள்ளேயே தங்கிவிடும். நிறைந்தால் எரித்துச் சாம்பலாக்க வேண்டும். அதற்கு ஏறக்குறைய 600 டிகிரி சூடு தேவை. நெடுஞ்சாலையில் ஓடுகிற வண்டியில் இது தானாக நடக்கும். நகர நெரிசலில் சைலன்சர் அவ்வளவு சூடேறாது. எனவே எஞ்சின் கம்ப்யூட்டர் கூடுதலாகக் கொஞ்சம் டீசலைத் தாமதமாகப் பீய்ச்சி, அதைக் கொண்டு வடிகட்டியைச் சூடாக்குகிறது. ரீஜெனரேஷன் என்று பெயர். பெரும்பாலான வண்டிகளில் இதற்கு விளக்கு எரியாது. ஐடில் ஆர்பிஎம் கொஞ்சம் ஏறியிருக்கும்; ஃபேன் இரைச்சலாகச் சுற்றும்; நிமிட மைலேஜ் படுத்துவிடும்; கருகல் வாடை வரும். சுமார் கால் மணி நேரம் விட்டால் வேலை முடியும்.

ஆனால் ஆபீஸ் வந்துவிட்டதே! சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு லிஃப்ட்டுக்குப் போய்விடுகிறோம். மறுநாளும் அப்படியே. எரிக்க ஆரம்பித்துப் பாதியில் நின்ற கரி சேர்ந்துகொண்டே போகும். ஒரு கட்டத்தில் பி2463 என்ற கோடு பதிவாகும்: கரி அளவுக்கு மீறிவிட்டது. இந்த நிலையிலேயே புனேக்காரருக்கு ஒரு சுலபமான வைத்தியம் இருக்கிறது. கிவளேயில் எக்ஸ்பிரஸ்வேயில் ஏறி, ஒரு கியர் குறைத்து, இரண்டாயிரம் ஆர்பிஎம்முக்கு மேலேயே வைத்து, லோனாவாலா வரை நிறுத்தாமல் போய் வருவது. வடா பாவ் சாப்பிடுகிற செலவோடு முடிந்துவிடும். விளக்கை மாதக்கணக்கில் அலட்சியம் செய்தவருக்கு அந்த வாய்ப்பு கிடையாது. கரி அளவுக்கு மேல் சேர்ந்துவிட்டால், எரித்தால் வடிகட்டியே உருகிவிடும் என்று கம்ப்யூட்டர் எரிப்பதையே நிறுத்திக்கொள்ளும். பட்டறையில் ஸ்கேனர் வழியாக உத்தரவு கொடுத்து எரிக்க வேண்டும். அதுவும் ஒரு வரம்பு வரைதான்.

இதில் யாரும் கவனிக்காத ஒன்றும் உண்டு. தாமதமாகப் பீய்ச்சிய டீசலில் கொஞ்சம் சிலிண்டர் சுவர் வழியாக இறங்கி ஆயிலில் கலக்கும். பாதியில் நின்ற ரீஜெனரேஷன்கள் அதிகமானால் ஆயில் அளவு குறைவதற்குப் பதில் கூடும். டிப்ஸ்டிக்கை இழுத்துப் பார்த்து, ஆயில் மேல்கோட்டைத் தாண்டி நிற்கிறதே என்று சந்தோஷப்படுகிறவர்கள் இருக்கிறார்கள். நீர்த்துப்போன ஆயிலில் டர்போவும் பேரிங்கும் ஓடுகின்றன என்பதே அதன் பொருள். இன்னொன்று, கரி எரியும், சாம்பல் எரியாது. அந்தச் சாம்பலில் பெரும்பங்கு எஞ்சின் ஆயிலில் இருக்கும் உலோகச் சேர்மானத்திலிருந்து வருவது. மேனுவலில் சொன்ன குறைசாம்பல் ஆயிலை விட்டு, லாரிக்கு ஊற்றுகிற ஆயிலை மலிவென்று ஊற்றினால் வடிகட்டியின் ஆயுளை நாமே தின்கிறோம்.

காட்டுவழிப் பிரியர்களுக்கு ஓர் எச்சரிக்கை. ரீஜெனரேஷன் நடக்கும்போது காய்ந்த புல்மேல் வண்டியை நிறுத்தாதீர்கள். மார்ச், ஏப்ரலில் சஹ்யாத்ரிச் சரிவில் இடுப்புயரப் புல் சருகாய்க் கிடக்கும்.

டிபிஎஃப் விளக்கு எரிந்தால் ஓட்டுகிற விதம்தான் தப்பு என்று ஷோரூமில் சொல்வார்கள். பாதி உண்மை. ஆஸ்திரேலியாவில் 2015 அக்டோபரிலிருந்து 2020 ஏப்ரல் வரை விற்ற டொயோட்டா ஹைலக்ஸ், ஃபார்ச்சுனர், பிராடோ டீசல் வண்டிகள் இரண்டரை லட்சத்துக்கும் மேல். அவற்றின் டிபிஎஃப் அமைப்பின் வடிவமைப்பே குறையுள்ளது என்று 2022-ல் அங்குள்ள ஃபெடரல் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இழப்பீட்டுக் கணக்கு 2024-ல் அந்நாட்டு உயர்நீதிமன்றம் வரை போனது. அங்கே குறை வெளிப்பட்டது நகர நெரிசலில்கூட இல்லை. மணிக்கு நூறு கிலோமீட்டரில் தொடர்ந்து ஓட்டுகிற பழக்கத்தில். லோனாவாலா வைத்தியம் அந்த வண்டிகளிடம் பலிக்காது. எக்ஸ்பிரஸ்வேயில் ஒழுங்காக ஓட்டியும் சில நூறு கிலோமீட்டருக்குள் விளக்கு திரும்பத் திரும்ப வந்தால், உங்கள் ஓட்டுதலைக் குறை சொல்ல யாரையும் விடாதீர்கள்.

எஞ்சின் ஓடுமுன்பே விசாரணை

சரி, குற்றவாளியை எப்படிப் பிடிப்பது? நல்ல மெக்கானிக் ஸ்கேனரை மாட்டியதும் கோடை அழிக்க மாட்டார். முதலில் ஃப்ரீஸ் ஃபிரேமைப் படிப்பார். விளக்கு எரிந்த அந்தக் கணத்தில் எஞ்சின் எத்தனை ஆர்பிஎம், வண்டி என்ன வேகம், கூலன்ட் எவ்வளவு சூடு, எவ்வளவு சுமை என்று கம்ப்யூட்டர் எடுத்து வைத்த பதிவு அது. கோடை அழித்தால் இந்தப் பதிவும் போய்விடும். ‘கிளியர் பண்ணிக் குடுங்க’ என்று கேட்கிற வாடிக்கையாளர் சாட்சியத்தைத் தன் கையாலேயே கிழித்துப்போடுகிறார்.

அடுத்து, சாவியை ஆன் செய்து எஞ்சினை ஸ்டார்ட் செய்யாமலே ஒரு பரிசோதனை. டிபிஎஃப்புக்கு முன்னும் பின்னும் அழுத்தம் எவ்வளவு வித்தியாசப்படுகிறது என்று அளக்க ஒரு சென்சார் உண்டு. இரண்டு ரப்பர் குழாய் அதற்குப் போகும். எஞ்சின் அணைந்திருக்கும்போது புகையே இல்லை. வித்தியாசம் பூஜ்யமாக இருக்க வேண்டும். ஸ்கேனரில் வேறு எண் காட்டினால் சென்சார் பொய் சொல்கிறது. பொய் சொல்கிற ஒரு சென்சாருக்காக லட்சத்தைத் தொடும் டிபிஎஃப்பை மாற்றுவதற்கு முன் இந்த ஒரு நிமிடத்தைச் செலவிட்டால் போதும்.

இன்டேக் அழுத்தத்துக்கும் இதே சோதனை. அணைந்த எஞ்சினில் அந்த சென்சார் வெளிக்காற்றின் அழுத்தத்தையே காட்ட வேண்டும். சென்னையில் சுமார் 101 கிலோபாஸ்கல். புனே கடல்மட்டத்துக்கு மேலே ஏறக்குறைய 560 மீட்டர். அங்கே 95 பக்கம் வரும். அதே புனேயில் 80 காட்டினால் யோசிக்க வேண்டியது டர்போவைப் பற்றி இல்லை. இரவெல்லாம் நின்ற வண்டியில் காலையில் கூலன்ட் சூடும் உள்ளிழுக்கும் காற்றின் சூடும் ஒன்றுபோல இருக்க வேண்டும். ஒன்று 24, மற்றது 70 என்றால் எது பொய் என்று கேட்கவே வேண்டாம்.

பி0299 இன்னொரு பிரபலமான கோடு. டர்போ அழுத்தம் போதவில்லை. கேட்ட மாத்திரத்தில் ‘டர்போ போச்சு’ என்று எஸ்டிமேட் போடுவார்கள். எஞ்சின் கேட்கிற பூஸ்ட் எவ்வளவு, கிடைக்கிற பூஸ்ட் எவ்வளவு என்று இரண்டையும் லைவ் டேட்டாவில் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒருவர் ஓட்ட ஒருவர் பார்க்க வேண்டும். மூன்றாம் கியரில் முழு மிதி. இரண்டுக்கும் இடைவெளி எல்லா வேகத்திலும் இருக்கிறதா, மேல் ஆர்பிஎம்மில் மட்டுமா என்பதே பாதி விடை. பல நேரம் இன்டர்கூலருக்குப் போகும் ஹோஸ் கிளாம்ப் தளர்ந்திருக்கும். ஹோஸின் அடிப்பக்கம் ஆயில் பூத்து ஈரமாகத் தெரியும். விரலால் தடவினால் கறுப்பாக ஒட்டும். அழுத்தம் ஏறும்போது மட்டும் அந்தக் கசிவு வாய் திறக்கும்; பட்டறையில் ஐடிலில் வைத்து எவ்வளவு தேடினாலும் கிடைக்காது. வேக்குவம் குழாய், கரி படிந்து ஒட்டிப்போன ஆக்சுவேட்டர், அடைத்த ஏர் ஃபில்டர் எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் டர்போவின் முறை.

பி0087, ரயில் அழுத்தம் குறைவு என்று வந்தால் ஹை பிரஷர் பம்ப் என்று பயப்படுமுன் டீசல் ஃபில்டரைக் கழற்றிப் பாருங்கள். இன்ஜெக்டர்களுக்கு டீசல் தரும் காமன் ரயிலில் அழுத்தம் 1,600 பாரைத் தாண்டும். ஃபில்டரில் தேங்கிய தண்ணீரை அது மன்னிக்காது. மழைக்காலத்தில் தண்ணீர் விளக்கு எரிந்தால் அன்றே வடித்துவிட வேண்டும். இந்த ஒரு மஞ்சள் விளக்கில் மட்டும் நான் எந்தச் சலுகையும் தர மாட்டேன்.

சில நாள் மீட்டர் முழுக்கத் தீபாவளி. எஞ்சின், ஏபிஎஸ், இஎஸ்பி, ஃபோர் வீல் டிரைவ், ஏர்பேக் எல்லாம் ஒன்றாக எரியும். அத்தனை பாகமும் ஒரே நாளில் கெடாது. யு-வில் தொடங்கும் கோடுகள் நாலைந்து சேர்ந்து வந்திருந்தால், கம்ப்யூட்டர்கள் தங்களுக்குள் பேச முடியாமல் தவிக்கின்றன என்று பொருள். முதலில் பேட்டரி. ஓய்வில் 12.6 வோல்ட் இருக்கிறதா, ஸ்டார்ட் செய்யும்போது பத்துக்குக் கீழே விழுகிறதா என்று ஒரு மல்டிமீட்டர் சொல்லிவிடும். அடுத்து எர்த் வயர். அதற்கடுத்து எலி. ஜூன் மழை பிடித்ததும் சூடான எஞ்சின் அறைக்குள் குடிவந்து, வயரிங்கைக் கொறித்து, ஏர் ஃபில்டர் பெட்டியில் கூடு கட்டி வைத்திருக்கும். எந்த ஸ்கேனரும் ‘எலி’ என்று கோடு காட்டாது. டார்ச் அடித்துத்தான் பார்க்க வேண்டும்.

ஃபோர் வீல் டிரைவ் விளக்கு தனியாகச் சிமிட்டினால் டிரான்ஸ்ஃபர் கேஸ் மோட்டாரைக் கழற்றுமுன் டயரைப் பாருங்கள். இரண்டு புதுசு, இரண்டு பழசு, அல்லது ஒன்று மட்டும் வேறு அளவு என்றால் சக்கரங்களின் சுற்று ஒத்துப்போகாது, கம்ப்யூட்டர் குழம்பும். ஆற்றைக் கடந்து வந்த மறுநாள் எரிந்தால், சக்கரத்துக்குப் பக்கத்தில் இருக்கும் வேக சென்சாரில் சேறு, அல்லது கனெக்டரில் ஈரம். மலிவு புளூடூத் கருவி பெரும்பாலும் எஞ்சின் கோடுகளை மட்டுமே படிக்கும். இதற்கெல்லாம் அந்தந்த நிறுவன ஸ்கேனர் வேண்டும். கருவியைச் செருகியபடியே வாரக்கணக்கில் விட்டால் அதுவே பேட்டரியைக் குடிக்கும் என்பது தனிக்கதை.

நீல மூடி

ஆட்புளூ போடுகிற வண்டிகளில் மீட்டர் மிரட்டவே செய்யும்: ‘இத்தனை கிலோமீட்டருக்குப் பிறகு எஞ்சின் ஸ்டார்ட் ஆகாது.’ வெறும் மிரட்டல் என்று நினைக்காதீர்கள். ஓடுகிற எஞ்சின் நிற்காது. அணைத்தால் மறுபடி ஸ்டார்ட் ஆகாது. நைட்ரஜன் ஆக்சைடை அடக்கும் திரவம் இல்லாமல் வண்டி ஓடக்கூடாது என்பதற்காக விதியே இப்படி. திரவம் என்ன பெரிய ரகசியம், 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். இதைக் கேட்டதும் உர மூட்டை ஞாபகம் வருகிறவர்கள் உண்டு. நம் நாட்டு உர யூரியா 2015-லிருந்து முழுக்க வேப்பெண்ணெய் பூசியது. அதைக் குழாய்த் தண்ணீரில் கரைத்து ஊற்றினால் டோசிங் இன்ஜெக்டரில் உப்புப் படிந்து அடைக்கும். பி207எஃப், தரம் சரியில்லை என்ற கோடு வரும். கடையில் வெயிலில் கிடந்த கேனும் ஆபத்து. 35 டிகிரியில் அந்தத் திரவத்தின் ஆயுள் ஆறு மாதம்தான். நாக்பூர், வேலூர் வெயிலைக் கணக்கில் வைத்துத் தேதி பார்த்து வாங்குங்கள்.

நீல மூடியைத் திறப்பதற்குப் பதில் டீசல் மூடியைத் திறந்து ஊற்றிவிட்டால்? ஸ்டார்ட் செய்யாதீர்கள். சாவியைக்கூடத் திருப்பாதீர்கள், பல வண்டிகளில் சாவி திரும்பியதுமே பம்ப் ஓடத் தொடங்கும். டாங்கைக் கழற்றுவதோடு தப்பிக்கலாம். ஸ்டார்ட் செய்தால் பம்பிலிருந்து இன்ஜெக்டர் வரை போயிற்று.

இத்தனை தொல்லையையும் ஒரே நாளில் தீர்த்துத் தருகிறோம் என்பவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். டிபிஎஃப்பின் உள்ளே இருப்பதை இடித்துக் கொட்டிவிட்டு, புகையில் ஒரு பங்கை மறுபடி எஞ்சினுக்குள் அனுப்பும் இஜிஆரை அடைத்துவிட்டு, விளக்கே எரியாதபடி கம்ப்யூட்டரில் எழுதிவிடுவார்கள். பிக்கப் கூடும் என்பதும் உண்மையே. மோட்டார் வாகனச் சட்டத்தின் 190(2) பிரிவில் முதல் முறைக்கே மூன்று மாதம் வரை சிறை அல்லது பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம் அல்லது இரண்டும். நடைமுறையில் மாட்டுகிறவர்கள் குறைவு. காரணம், பியுசி மையத்தில் டீசல் வண்டிக்குப் பார்ப்பது ஆக்சிலேட்டரை மிதிக்கும்போது வரும் புகையின் அடர்த்தியை. கண்ணுக்குத் தெரியாத நைட்ரஜன் ஆக்சைடை அங்கே யாரும் அளப்பதில்லை. மலைமேல் ஏஆர்ஏஐ மில்லிகிராம் கணக்கில் அளந்து சான்று தருகிறது; கீழே தெருமுனையில் ஒரு குழாயைச் சொருகி எடுத்தால் சான்று கைக்கு வந்துவிடுகிறது. இந்த முரண்பாட்டை அரசு எப்போதாவது தீர்த்தாக வேண்டும்.

கம்ப்யூட்டரைப் பொய் சொல்லவைக்கும் வித்தையைத் தெருவோரப் பட்டறை கண்டுபிடிக்கவில்லை. 2015 செப்டம்பரில் உலகம் முழுக்க ஒரு கோடியே பத்து லட்சம் டீசல் கார்களில் ஃபோக்ஸ்வாகன் அதைச் செய்தது அம்பலமானது. சோதனை நடக்கிறது என்று தெரிந்தால் மட்டும் கம்ப்யூட்டர் ஒழுங்காக நடந்துகொள்ளும். இந்தியாவில் அந்த கார்களைச் சாலையில் ஓட்டிப் பார்த்தது ஏஆர்ஏஐ. அதன்பின் அந்த டிசம்பரில் 3,23,700 கார்களைத் திரும்ப அழைப்பதாக நிறுவனம் அறிவித்தது. 2019-ல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 500 கோடி ரூபாய் அபராதம் விதிக்க, அதன்மேல் கடும் நடவடிக்கைக்கு உச்ச நீதிமன்றம் தடை போட்டது. அந்த நிறுவனத்தின் இந்தியத் தொழிற்சாலைகளில் ஒன்று ஏஆர்ஏஐ இருக்கும் அதே புனேயின் சாக்கனில் என்பது சுவாரசியம்.

கடைசியாக, பழைய ஃபோர் வீல் டிரைவ் வாங்கப் போகிறவர்களுக்கு. விற்கிறவர் விளக்கை எரியவிட்டு வண்டியைக் காட்ட மாட்டார். காலையிலேயே கோடை அழித்திருப்பார். அதைக் கண்டுபிடிக்க அதே சில நூறு ரூபாய்க் கருவி போதும். கோடு இருக்கிறதா என்று தேடாமல் ‘ரெடினஸ்’ பக்கத்தைத் திறங்கள். கோடை அழித்தால் கம்ப்யூட்டர் தன் சுயபரிசோதனைகளையெல்லாம் முதலிலிருந்து தொடங்க வேண்டும். இஜிஆர், துகள் வடிகட்டி, நைட்ரஜன் ஆக்சைடு எல்லாம் ‘முடியவில்லை’ என்றே நிற்கும். பேட்டரியைக் கழற்றியிருந்தாலும் இப்படிக் காட்டலாம். எனவே சண்டை போடாமல், இரண்டு நாள் கழித்து ஒரு நெடுஞ்சாலை ஓட்டத்துக்குப் பிறகு மறுபடி பார்க்கிறேன் என்று சொல்லிப் பாருங்கள். விற்பவர் ஒத்துக்கொண்டால் போய்ப் பாருங்கள். வேறு பார்ட்டி அட்வான்ஸோடு வருகிறார் என்று அவசரப்படுத்தினால், அந்த வண்டியை அந்தப் பார்ட்டிக்கே விட்டுவிடலாம்.